அண்ணன் வாங்காத பந்தம்

அம்மாவைக் கரோனி ஆற்றங்கரையில் எரித்த செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நான் ட்ரினிடாடை விட்டுப் போனேன். டிக்கெட்டை மாற்ற முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மாற்ற முயலவே இல்லை.

எங்கள் வழக்கப்படி மூத்த மகன்தான் தீ வைக்க வேண்டும். மூத்த அண்ணன் லோக்நாரைன் வேன் ஓட்டுபவன். இருபது வயதில் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தவன். வேனின் பின்கண்ணாடியில் ‘இயேசுவே ஒரே வழி’ என்று எழுதியிருப்பான்.

“ஒரே வழின்னா, திரும்பி வர வேற வேன் பிடிக்கணுமா லோக்கி?” என்று பயணிகள் சீண்டுவார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் இந்துவோ முஸ்லிமோ, இறங்குவதற்குள் இரட்சிப்பைச் சொல்லி முடித்துவிடுவான்.

அன்று பண்டிதர் பந்தத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஒரு நெருப்புதானப்பா. உன் சாமி கோச்சுக்க மாட்டாரு.”

“மகன் வச்சாத்தான் ஆத்மா கரையேறும்னு நீங்கதான சொல்றீங்க பண்டிட்ஜி? எந்த மகனாலயும் யாரையும் கரையேத்த முடியாது. அத ஒருத்தர் சிலுவையில செஞ்சு முடிச்சிட்டாரு. நான் இத வாங்கினா, அவரு செஞ்சது போதலன்னு ஆயிடும்.”

“அப்ப உங்கம்மா இப்ப எங்கடா?” என்றாள் சித்தி.

மழுப்பியிருக்கலாம். அவனுக்கு அது வராது. “எத்தனையோ தரம் சொன்னேன் சித்தி. அவ கேக்கல.”

பெற்றவளை நரகத்துக்கு அனுப்பிவிட்டான் என்று ஊர் பேசியது. சின்ன அண்ணன் தீக்காராம் பந்தத்தை வாங்கித் தீ வைத்தான்.

அதன்பின் லோக்கியின் வேனில் ஏறுவதற்கு ஆள் குறைந்தது. சபையிலோ அவனை மேடையேற்றிக் கைதட்டினார்களாம். அந்தக் கைதட்டல்தான் அவனை அதிகம் வதைத்தது. நான் லிமாவில் பாத்திரம் கழுவியபோதும் பொகோட்டாவில் பாடம் சொல்லிக்கொடுத்தபோதும் போனில் ஒன்றையே கேட்பான்.

“அம்மா கடைசியில உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா? இயேசுவப் பத்தி ஒரே ஒரு வார்த்தை?”

“இல்லண்ணே.”

அவன் நம்பிக்கை கடைசிவரை அசையவில்லை. அதனால்தான் அவனுக்குத் தூக்கமில்லை. ஏழு வருடம் கேட்டான். பிறகு சர்க்கரை நோய் காலை எடுத்தது, ஆளையும் எடுத்தது. அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன்.

அடுத்த வருடம் டொரான்டோவிலிருந்து தீக்காராம் செய்தி அனுப்பினான்:

“ஆஸ்பத்திரியில கடைசி வாரம் அம்மா ஒரு நர்ஸோட சேந்து ஜெபம் பண்ணுனா. ‘இயேசுவ ஏத்துக்கிட்டேன்’னு என் காதுபடச் சொன்னா. ‘லோக்கிகிட்ட சொல்லாத, ஜெயிச்சிட்டேன்னு ஆடுவான்’னா. அப்ப சொல்லியிருந்தா சடங்கு நின்னுபோயிருக்கும். அப்பறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீயும் யார்கிட்டயும் சொல்லிக்காத.”