மூன்று மைல் வீரமலை

வீரமலைக்கு இருபத்தொன்பது வயது. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் பியூன். முப்பதுக்குள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் குமாஸ்தா ஆகலாம். இல்லையென்றால் கடைசிவரை மணியடித்தால் ஓட வேண்டியதுதான். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்கில் விழுந்தான். 1959 மார்ச்சுத் தேர்வே கடைசி வாய்ப்பு.

தை மாதத்தில் ஒரு மதியம் டைப்பிஸ்ட் லூர்துராணி அவன் நோட்டைப் பார்த்தாள். ஆற்றில் படகு போகும் கணக்குகள் ஐந்தும் தப்பு. ஆற்றோடு போகும் வேகம் சரி. எதிர்த்து வரும் வேகம் மட்டும் எல்லாவற்றிலும் மூன்று மைல்.

"வீரமலை, இந்த மூணு எங்கேருந்து வந்து உக்காந்துச்சு?"

"பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு நடந்தா மணிக்கு அவ்வளவுதாங்கம்மா முடியும்."

"தலையிலயா!"

அவன் முசிறிப் பரிசல்காரரின் மகன். அப்பா ஆற்றோடு இறங்குவார். பரிசலைச் சுமந்து கரையோடு திரும்புவார். வேறு விதமாகத் திரும்ப முடியும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

லூர்துராணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கணக்குல வர்றவன் கரையேறவே மாட்டான்ப்பா. துடுப்புப் போட்டே வருவான். படகு வேகத்துலேருந்து ஓட்டத்தைக் கழி."

"கழிங்கிறீங்க, கழிக்கிறேன். மனசு ஒப்பலீங்களே."

"அப்ப ஆத்துல போய்ப் பாரு." கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். "தண்ணியில போட்டுடாதே, எனக்கு வேற வாட்ச் கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில், படகுக்காரர் நல்லுசாமியைப் பிடித்தான். கரைச்சாலையில் பர்லாங்குக்கு ஒரு கல், மைலுக்கு எட்டு. அடுத்தடுத்த இரண்டு கற்களுக்கு இடையிலான ஒரு பர்லாங்கைப் படகு ஆற்றோடு கடக்க இரண்டு நிமிடம். எதிர்த்து வர நான்கு. வரத்தான் வந்தது! கரையேறாமலே வந்தது!

நோட்டில் எழுதினான். நிமிடத்துக்கு அரைப் பர்லாங்கு, கால் பர்லாங்கு. வித்தியாசத்தில் பாதி ஓட்டம்: அரைக்கால் பர்லாங்கு, அதாவது எட்டில் ஒரு பங்கு. அப்படியானால் சும்மா மிதக்கும் பொருள் ஒரு பர்லாங்கு போக எட்டு நிமிடம் ஆக வேண்டும்.

"அண்ணே, மேல் கல்லுக்கு நேரா ஒரு வாழைமட்டையப் போடுங்க. எட்டாவது நிமிஷம் அது கீழ்க்கல்லுக்கு வரும்."

"மட்டைகிட்டச் சொல்லிட்டியா தம்பி?"

மட்டை விழுந்தது. வீரமலை கரையோடு கூடவே நடந்தான். ஐந்து நிமிடம். ஆறு. நடுவில் மட்டை ஒரு சுழிப்பில் நின்று சுற்றியதும் அவனுக்கு உயிரே போயிற்று. பிறகு அது விடுபட்டு வேகம் பிடித்தது. ஏழு. கீழ்க்கல்லை நோக்கி ஓடினான். கடிகார முள்ளைப் பார்த்தான், மட்டையைப் பார்த்தான்.

"வந்துருச்சு அண்ணே! எட்டுக்கு ஏழு செகண்டுதான் கம்மி!"

படித்துறையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நல்லுசாமி துடுப்பை நிறுத்தி, "ஆறு உன் பேச்சையாப்பா கேக்குது?" என்றார்.

அவன் பெரிய கணக்குப்புலி ஆகிவிடவில்லை. ஒப்புக்கொள்ளச் சொன்ன ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டான், அவ்வளவுதான். அதுவே எல்லோரும் செய்கிற காரியமல்ல.

தேர்வில் படகுக் கணக்கு வந்தது. அசையாத நீரில் வேகம் ஐந்து மைல், ஓட்டம் இரண்டு மைல். எதிர்த்து வரும் வேகமாக மூன்று என்று எழுதியவன் திடுக்கிட்டான். பழைய மூன்று! அடித்தான். விரல் விட்டுக் கழித்தான். மறுபடியும் மூன்றுதான். எழுதிக் கீழே கோடு போட்டான்.

முடிவு வந்த அன்று மூச்சிரைக்க லூர்துராணியின் மேஜைக்கு வந்தான்.

"பாஸுங்கம்மா! எங்கப்பா நடந்த அதே மூணு. இந்தத் தடவை கழிச்சு எடுத்தேன்!"