நெற்றி தரையைத் தொட்ட மாலை

சகோதரிகளே, நெற்றியைத் தரையில் வைத்துத் தொழ முடியாமல் மாதக்கணக்கில் அழுதவள் நான். 1979ஆம் வருடம். வலது முழங்கால் வீங்கும். அது வடிவதற்குள் இடது முழங்கால் வீங்கும். காய்ச்சலும் அசதியும் வேறு.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரருக்கு ஆட்டு வியாபாரம். அவர் சந்தைக்குப் போய்விட்டால் ஆடுகளை நான்தான் பார்ப்பேன். அப்படி ஓடியாடிய நான், ஸ்டூலில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிந்து தொழுதேன். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு, தெரியும். ஆனாலும் மனசு ஆறவில்லை.

பார்த்த டாக்டர்கள் எல்லாம் வாதம் என்றார்கள். தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே நாறியது. "ஆடுங்கூட உன்ன பாத்தா ஓடுதுமே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். சிரிப்பேன். அவர் போன பிறகு அழுவேன்.

ஷஅபான் மாதம் வந்துவிட்டது. ரமலான் நெருங்குகிறதே, அப்போதும் ஸ்டூல்தானா என்று பதறினேன். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, உட்கார்ந்தபடியே கையேந்தினேன். "யா அல்லாஹ், ஓட வைன்னு கேக்கல. நெத்தி தரையில படற மாதிரி ஒரே ஒரு சஜ்தா குடு, போதும்."

மறுநாளே வழி திறந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு குழந்தை, கன்னம் முழுக்கக் காவி. அக்கி வந்தால் குயவர் வீட்டில் காவி குழைத்துத் தோலில் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். குழந்தையின் அம்மாவுக்கு ஆறுதலாக, "கவலப்படாதம்மா. பக்ரீத் சமயத்துல எனக்கும் தொடையில வந்துச்சு. குயவர் வூட்டு அம்மா எழுதுனாங்க, போயே போச்சு" என்றேன்.

அந்த வழியாக வந்த டாக்டரம்மா நின்றுவிட்டார்.

"அது எப்படிம்மா இருந்துச்சு?"

"செவப்பா, வட்டமா. பெருசாயிக்கினே போச்சு. நடுவுல மட்டும் வெளுத்துடுச்சு."

"அக்கின்னா கொப்புளமா இருக்குமே. அந்த எடத்துல ஏதாவது கடிச்சுதா?"

"ஆட்டு உண்ணி. பிச்சிப் போட்டேன். ஆடு வச்சினு கீறவங்களுக்கு அது இன்னா பெரிய விஷயம்?"

என் சீட்டையும் வீங்கிய முட்டியையும் பார்த்தார். "ஏன் இத டாக்டர்ங்ககிட்ட சொல்லல?"

"அது தோல்ல வந்தது, இது முட்டில வந்தது. ரெண்டுத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வெளிநாட்டில் ஓர் இடத்தில் இப்படி உண்ணி கடித்து, வட்டமாகச் சிவந்து, பிறகு முட்டி வீங்குவதாக இப்போதுதான் எழுதுகிறார்கள் என்றார். "இதுவும் அதுதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நம்ம ஊர்ல அது இருக்குதான்னே தெரியல. பென்சிலின் போட்டுப் பாப்போம்."

ஒவ்வொரு ஊசியும் இடுப்பைப் பிய்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். வீக்கம் மெல்ல வடிந்தது. திரும்பி வரவில்லை.

ரமலான் பிறை தெரிந்த மாலை. மஃரிபுக்கு ஸ்டூலைத் தள்ளிவிட்டுப் பாயை விரித்தேன். முழங்கால் மடிந்தது. நெற்றி தரையில் பட்டது. அல்ஹம்துலில்லாஹ்! எழுந்திருக்க மனமே வரவில்லை. பள்ளிவாசலிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர் பதறிப்போய்விட்டார்.

"இன்னாமே, எழுந்துக்க முடியலியா? தூக்கட்டா?"

தொழுது முடித்த பிறகுதான் பதில் சொன்னேன். "முடியுதுங்க. நான்தான் எழுந்துக்கல."

அது என்ன நோய் என்று டாக்டரம்மாவுக்கு இன்றும் சந்தேகம்தான். சந்தேகப்படுவது அவர் வேலை. குணமாக்கியவன் யார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. உங்களுக்கும் ஏதோ ஒரு வலி இருக்கும். டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். அல்லாஹ்விடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்டது ஒரே ஒரு சஜ்தா. இன்று ஐந்து வேளையும் என் நெற்றி தரையில்தான்.