அக்குளில் ஒரு கட்டி

இந்த இங்கிலாந்து ஊரில் குழந்தையைப் பார்க்க நர்ஸே வீடு தேடி வருகிறார். வாசலில் ஷூவைத் துடைத்து, என் மகள் லீமாவை எடை போட்டு, நான் தரும் டீயைக் குடித்துவிட்டு எனக்கே நன்றி சொல்லிப் போகிறார். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, லீமாவின் அக்குளில் அந்தக் கட்டி தட்டுப்படும் வரை. அவளுக்கு அப்போது மூன்று மாதம். பிறந்ததும் காசநோய் வராமலிருக்க பி.சி.ஜி. ஊசி போட்ட அதே இடது பக்கம், கோலிக்குண்டு அளவில். குளிப்பாட்டிக்கொண்டிருந்த நான் ஈரத்தோடு அவளை அணைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மூத்தவன் அருளுக்கும் அதே இடத்தில்தான் வந்தது.

இங்கே வருவதற்கு முன், எழுபதுகளில், நாங்கள் ஒரகடத்தில் இருந்தோம். அருளுக்கு அதே ஊசியைப் போட்ட நர்சம்மா வேறு ஊர்களுக்குப் போய்விட்டிருந்தார். கட்டி அருளுக்கு வலிக்கவில்லை. சிரித்தான், பால் குடித்தான். பயந்தது நான்தான். பக்கத்து வீட்டு மரியா அக்கா வந்து பார்த்தார்.

"இன்னாமா, கட்டி பெருசாயிக்கினே போவுது, நீ சும்மா பாத்துக்கினு கீறியே? சூடு போட்டா அமுங்கிடும்."

"வேணாம், ஆஸ்பத்திரில காட்டலாம்" என்றார் என் கணவர். அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் நான்தான் சூடு போடும் நாட்டு வைத்தியரை வரச் சொன்னேன். காய்ச்சிய கம்பி பட்டபோது அருளின் கைகளைப் பிடித்திருந்ததும் நான்தான். புண்ணில் பச்சிலை வைத்துக் கட்டினார்கள். எட்டாம் நாள் ரணஜன்னி கண்டு தாடை இறுகிவிட்டது, பால் இறங்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதே என் மடியில் அடங்கிவிட்டான்.

நர்ஸ் லீமாவின் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "லீவ் இட் அலோன்" என்றார். குழந்தையைத் தனியாக விடச் சொல்கிறார், காசநோய்க்காரர்களைப் போல ஒதுக்கிவைக்கக் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்து, "நோ, மை பேபி" என்று கத்தி அழுதேன். அவர் திகைத்துப்போனார். என் விரலைப் பிடித்துக் கட்டியின் மேல் வைத்து, எடுத்து, கூடாது என்று தலையசைத்தார். தொடக்கூடாது, அவ்வளவுதான். பிறகு ஒரு சீட்டு எழுதிவைத்துப் போனார். மாலையில் கணவர் அதைப் படித்துச் சொன்னார்: ஊசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினை, பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும், அடுத்த வாரம் மறுபடி வந்து பார்ப்பார்.

"அப்போ அருளுக்கும்?" என்றேன்.

"சும்மா வுட்டிருந்தா..." என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

சில மாதங்களில் கட்டி கரைந்தது. "முதல் குழந்தையா?" என்று இங்கே யாராவது கேட்டால், ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன். மற்றதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

இந்தக் கல்லறைத் திருநாளில், ஒரகடத்தில் என் தங்கை அருளின் குழிமேல் மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள். நான் லீமாவுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, எங்களுக்கு யாருமே இல்லாத இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனேன். யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் சின்னக் குழியருகே ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டு வந்தேன்.