வாற கோலுக்கும் காசு

கொம்யூனிக்கேஷன் கடை நடத்தினவனுக்கு மோட்சம் நிச்சயம், ஏனெண்டால் நரகத்தை அவன் இஞ்சையே பாத்திடுவான். வவுனியாவிலை செல்போன் ஒண்டை வைச்சு, சனத்துக்குக் காசுக்குக் கோல் எடுத்துக் குடுக்கிற கடை நடத்தினனான். இதே தொழிலிலை மாரடிச்ச ஆக்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேணும்? எங்கடை நாட்டிலை அப்ப, எடுத்தாலும் காசு, வந்தாலும் காசு.

கனடாத் தம்பி

தர்மபுரத்திலை வயல் செய்யிற கமக்காரர் ஒருத்தர் கனடாவிலை இருக்கிற தம்பியின்ரை செல்லுக்கு எடுத்தார். "அண்ணை, நீங்கள் எடுத்தாலும் இஞ்சை எனக்கும் மீற்றர் ஓடும். வையுங்கோ, நான் எடுக்கிறன்" எண்டு தம்பி வைச்சிட்டான். பிறகு அவன் எடுத்துக் கதைச்சான். ரண்டுக்கும் சேத்துக் காசு கேட்டன். மனுசன் துள்ளிக் குதிச்சார்.

"காது குடுத்துக் கேட்டதுக்கும் காசு வாங்கிற ஆளை இண்டைக்குத்தான் தம்பி கண்டனான்!"

சுவிஸ் மகன்

நாயாற்றிலையிருந்து இடம்பெயர்ந்து வந்து முகாமிலை இருந்தவா லூர்தம்மா. ஞாயிறு பூசை முடிய நேரை கடைக்கு வருவா. சுவிசிலையிருந்து மகன் எடுப்பான். அங்கை எடுக்கிறவன் மட்டும்தான் கட்டுறது. அந்தத் துணிவிலை, என்ன கறி, என்ன மீன் எண்டு ஆறுதலாக் கதைப்பான். தாய் நிவாரணச் சாமானை வித்துக் கட்டுவா. ஒருநாள் பொறுக்கேலாமல் போனைப் பறிச்சு, "தம்பி, நீர் கதைக்கக் கதைக்கக் கொம்மாவும் இஞ்சை கட்டுறா!" எண்டு கத்திப்போட்டன். அங்காலை மகன் மெதுவாச் சொன்னான்:

"அம்மா ஒருநாளும் சொல்லேல்லையே அண்ணை."

வாயாலை வந்த வினை

அடுத்த ஞாயிறு கோல் வரேல்லை. நாலு கிழமையா லூர்தம்மா பூசைச் சீலையோடை வந்து, மத்தியானம் மட்டும் கதிரையிலை குந்தியிருந்திட்டுப் போனா. "பிள்ளை உயிரோடை இருக்கிறானோ தம்பி?" எண்டு அழத் தொடங்கினா. சண்டாளன், நான்தானே செய்தது!

என்ரை செலவிலை சுவிசுக்கு எடுத்தன். "அம்மாவுக்குச் செலவு வைக்கக்கூடாதெண்டுதான் அண்ணை எடுக்கேல்லை" எண்டான். "இஞ்சை சட்டம் மாறியிட்டுது. வாற கோலுக்கு இனிக் காசில்லை, எடும்" எண்டு வாய் கூசாமல் பொய் சொன்னன். உடனை எடுத்தான். ஒரு மணித்தியாலம் தாயும் மகனும் அழுது சிரிச்சுக் கதைச்சினம். போனை வைச்சிட்டு லூர்தம்மா கண்ணைத் துடைச்சா. பிறகு என்னை ஒரு பார்வை பாத்தா.

"வாற கோலுக்குக் காசில்லையாமே, அப்ப இவ்வளவு நாளும் என்னட்டை வாங்கினதை எடும் பாப்பம்!"

ஆக, சுவிசிலை எடுக்கிறவன் கட்டுறான், கனடாவிலை ரண்டு பேரும் கட்டுறாங்கள், வவுனியாவிலை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாத கடைக்காரன் கட்டுறான்.