வெட்ட வேண்டாம் என்றார்

என் கணவரின் தொண்டைப் புற்றுநோயைக் கண்டுபிடித்தபோது அது முற்றியிருந்தது. முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவர். குரல் அடைத்ததை உப்புக்காற்றால் வந்தது என்றே மாதக்கணக்காக நினைத்திருந்தோம்.

யாழ்ப்பாணத்து வைத்தியர் இரண்டு வழி சொன்னார். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுவிடக் கழுத்தில் துவாரம் வைப்பது ஒன்று. வெட்டாமல் கதிர்ச் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பது மற்றது.

"எது நல்லம், டொக்டர்?" என்று கேட்டேன்.

"வெட்டினா கான்சர் திரும்பி வாறது குறைவு, அம்மா. ஆனா கதைக்கிற குரல் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

இவர் யோசிக்கவே இல்லை. "வெட்ட வேண்டாம். கதிரே தாங்கோ."

வெட்டுவதற்குச் சம்மதிக்கச் சொல்லி, பஸ்ஸில் திரும்பும்போது நான் அழுதழுது கேட்டேன். "செத்தாலும் உன்னோட சண்டை பிடிச்சுக்கொண்டுதான் சாவன்" என்று சிரித்தார்.

சிகிச்சையின்போது தலை அசையாமலிருக்க, முகத்தை மூடும் பிளாஸ்டிக் அச்சொன்றைக் கட்டிலோடு பூட்டுவார்கள். முதல் நாள் வெளியே வந்தவரின் சேர்ட் நனைந்திருந்தது. யுத்தத்தின் கடைசிச் சண்டையில் பங்கர் இடிந்து மண்ணுக்குள் கிடந்து மீண்டவர்.

"திரும்பவும் மண்ணுக்குள்ள போட்டமாதிரிக் கிடக்கு" என்றார்.

"விடுவம். இனிப் போகவேண்டாம்."

மறுநாள் எனக்கு முன்னமே உடுத்து வெளிக்கிட்டு நின்றார். கிழமைக்கணக்காகப் போனார். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. தண்ணீர் விழுங்கவும் கண்ணீர் வந்தது. மூடிய கதவுக்கு வெளியே நான் செபமாலையோடு இருந்தேன்.

முடிந்தபின் சில மாதம் குரல் தெளிந்தது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் எடுத்துக் கதைத்தார். பிறகு கழுத்தில் மறுபடி கட்டி தட்டுப்பட்டது.

"கதிர் பட்ட இடம், இப்ப வெட்டினா புண் ஆறாது. திரும்பக் கதிரும் குடுக்க ஏலாது" என்றார் வைத்தியர்.

"அப்ப?" என்று இவர் கேட்டார். வைத்தியர் வலிக்கு மருந்து எழுதத் தொடங்கினார்.

மூச்சு முட்டத் தொடங்கியதும், அவர் வேண்டாமென்ற அந்தத் துவாரத்தையே கழுத்தில் போடவேண்டி வந்தது. குரல் போய்விட்டது. நோய் போகவில்லை. செபிக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

வயிற்றிலுள்ள குழாயால்தான் அவருக்குச் சாப்பாடு. நான் உண்பதை அவர் பார்க்கக்கூடாதென்று பக்கத்து வீட்டுக் குசினியில் நின்றபடி சாப்பிட்டு வருவேன். நேற்றும் அப்படித்தான் வந்து பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்து உதட்டை அசைத்தார். இரண்டாம் முறைதான் விளங்கியது: என்ன சாப்பிட்டனி?

"சூடைமீன் பொரியல்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.