ஸ்பானிய மொழியில் வந்த கடிதம்

கல்யாணமான எட்டாம் மாதம் என் கணவர் கப்பல் ஏறினார். பம்பாய்த் துணி வியாபாரி ஒருவருக்கு ஸ்பெயின் நாட்டுத் தீவு ஒன்றில் கடை இருந்தது. அங்கே விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு வருஷத்தில் வீடு பிடித்து என்னையும் அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. அறுபதுகளின் தொடக்கம் அது. நான் தென்காசியில் பெண்கள் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். வீட்டில் நானும் அவரைப் பெற்ற அத்தையும் மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் ஸ்பானியம் படிப்பதற்கான இலக்கணப் புத்தகம் ஒன்று, கையடக்க அகராதி ஒன்று. "உன் இங்கிலீஷ் டீச்சர் பவுசெல்லாம் இங்கன செல்லாது. கத்தரிக்கா வாங்கக்கூட இந்தப் பாஷை வேணும். வரும்போது படிச்சிட்டு வா" என்று எழுதியிருந்தார்.

படித்தேன். காலையில் அடுப்படியில் வினைச்சொல், பள்ளி இடைவேளையில் வார்த்தைப் பட்டியல். வினையின் முடிவே யார் என்று சொல்லிவிடும், ‘நான்’ ‘நீ’ எல்லாம் தனியாகத் தேவையில்லை என்பதை விளக்க அந்தப் புத்தகம் இரண்டு பக்கம் பாடுபட்டது. எனக்கு அதில் என்ன கஷ்டம்? வந்தேன் என்றால் நான்தானே. வெள்ளைக்காரர் நாக்குக்கு வராத அந்த உருட்டல் ‘ற’வும் எனக்குத் தானாக வந்தது. உயிரில்லாத சாமானுக்கெல்லாம் ஆண் பெண் சொன்னதில்தான் தடுமாறினேன்.

"சன்னல் பொம்பளையாம், செருப்பு ஆம்பளையாம் அத்தை."

"நல்ல ஊருதான்" என்று அத்தை சிரித்தாள். "முருங்கைக்காய்க்கு என்னட்டி சொல்லுதாவ?"

புத்தகத்தில் முருங்கைக்காய் இல்லை என்றேன். "அப்பம் அங்கன போயி எதை வச்சு சாம்பார் வைப்ப?" என்று நிஜமாகவே கவலைப்பட்டாள்.

சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் குற்றாலம் போனோம். ஐந்தருவி இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று வினைச்சொற்களை உரக்கச் சொல்லிக்கொண்டே குளித்தேன். பக்கத்தில் நின்றவள் பயந்துபோய், "ஏளா, இந்தப் பிள்ளைக்கு அருளு வந்திருக்கு" என்று கத்தினாள். "அருளுமில்ல மருளுமில்ல, புருசன் இருக்க ஊரு பாஷை" என்றாள் அத்தை. பெருமையாகத்தான் சொன்னாள்.

பத்துப் பாடம் முடித்திருந்தேன். இறந்தகாலம் பதினோராம் பாடத்தில் தொடங்கும். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் தபால்காரர் கொண்டுவந்த உறையில் கையெழுத்து புதிது. அவர் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரி எழுதியிருந்தாள், ஸ்பானியத்தில். எனக்கே எனக்கென்று அந்த மொழியில் வந்த முதல் கடிதம். நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

முதல் வரியில் அவர் பெயர். அதன் பின்னால் அடைப்புக்குள், புள்ளி வைத்து நான்கு எழுத்துகள். நம் ஊரில் பி.ஏ. போடுவதுபோல அங்கேயும் ஏதோ போடுவார்கள் என்று தாண்டிப் போனேன். அடுத்து வந்ததெல்லாம் ஏழாம் பாடத்தில் படித்த வார்த்தைகள். சட்டை ஆறு, செருப்பு ஒரு ஜோடி, குடை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. எல்லாம் பெட்டியில் இருக்கின்றன, எங்கே அனுப்பட்டும் என்று கேட்டிருந்தாள். ஒரு வார்த்தைக்கும் அகராதி தேவைப்படவில்லை. வரி வரியாக அத்தைக்குத் தமிழில் சொன்னேன்.

"சாமானெல்லாம் கட்டியாச்சா? அப்பம் வாரானாட்டி!"

"வாராப்பலதான் இருக்கு அத்தை."

அத்தை ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஓடினாள். நான் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பட்டம் என்னவென்று தெரிந்துகொண்டு எழுதலாமே என்று அகராதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். சுருக்க எழுத்துகளின் பட்டியல் இருந்தது. ‘சாந்தியில் இளைப்பாறட்டும். இறந்தவர் பெயருக்குப் பின் எழுதுவது.’

கண்ணாடி இல்லாமல் அவரால் நாலடி நடக்க முடியாது. அது பெட்டிக்குள் இருக்கிறது என்று படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அத்தை சிரித்த முகமாகத் திரும்பி வந்தாள். "தப்பாப் படிச்சிட்டேன் அத்தை" என்றேன். அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு நடுவீட்டில் விழுந்தாள்.

கடைக்காரர்கள் முன்பே எனக்குத் தெரிவித்திருப்பார்கள் என்று அந்த வீட்டுக்காரி நினைத்திருக்கிறாள். அவர்கள் கடிதம் பம்பாய் சுற்றிப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. அந்தப் பத்து நாளும் அத்தை என்னை விடவில்லை. "தப்பாப் படிச்சேன்னு நீதான சொன்ன? இன்னொருக்கப் படிச்சுப் பாரு. இப்பவும் தப்பாப் படிச்சிருப்ப." படித்தேன். தினமும் படித்தேன். பிறகு குற்றாலத்தில் உடல் இல்லாமலே காரியம் செய்தோம்.

அதன் பிறகுதான் பதினோராம் பாடத்தைத் திறந்தேன். எப்படி இறந்தார், யார் பக்கத்தில் இருந்தார்கள், வலித்ததா? இதைக் கேட்க இறந்தகாலம் வேண்டும். அந்த மொழியில் அது இரண்டு வகை. நடந்து முடிந்ததற்கு ஒன்று, வழக்கமாக நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. இரண்டையும் அழுதுகொண்டே மனப்பாடம் செய்து எழுதினேன்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. மூன்று நாள் காய்ச்சல். வைத்தியர் வந்தார். அவள் கூடவே இருந்தாள். கடைசி நாள் காலையில் அவர் ஸ்பானியத்தை மறந்துவிட்டார், தன் மொழியில் ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். குளிருகிறதோ என்று கம்பளியைப் போர்த்தினாள். சன்னலை அடைத்தாள். மாதா படத்தைக் கையில் கொடுத்தாள். அவர் அதையேதான் சொன்னார். காதில் விழுந்தபடி அதை அவர்கள் எழுத்தில் எழுதியிருந்தாள்: தன்னி. ‘அது உங்கள் பெயரா?’ என்று கேட்டிருந்தாள்.

தண்ணி. அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். அதற்கு அவர்கள் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். காய்ச்சலில் அது வரவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் ஸ்பானியமே தேவைப்பட்டிருக்காது.

மூன்று வாரம் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். மூன்று நாள் தூங்காமல் என் கணவரைப் பார்த்துக்கொண்டவளிடம் உண்மையை எப்படிச் சொல்வது? ஆமாம், வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார் என்று எழுதினேன். பிழையில்லாமல் எழுதினேன். அவர் ஆத்மாவுக்காக மாதா கோவிலில் பூசை வைத்தபோது அந்தப் பெயருக்கும் சேர்த்து மன்றாடியதாக அவள் மறுபடி எழுதினாள்.

"கடைசியா என்னட்டி சொன்னானாம்?" என்று அத்தை கேட்டாள்.

"உங்களைத்தான் கூப்பிட்டாகளாம் அத்தை" என்றேன்.