மூடியில் வைக்கும் பொட்டு

பெயின்ட் கடைக்கு வருகிற எல்லோரும் "சும்மா ஒரு கலர் சொல்லுங்கக்கா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நாம் சும்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் மட்டும் விடமாட்டார்கள்.

மீமிசலில் எங்கள் கடை. பிள்ளைகள் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று வீட்டுக்காரர் என்னைக் கலர் கலக்குகிற மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒன்பதாவதோடு நின்றவள் நான். இருந்தாலும் காலையில் பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு மெஷினைத் தொட்டால் இதுவரை அவர் கைவிட்டதில்லை. கலந்த பெயின்டைத் திருப்பி வாங்க முடியாது. அதனால் டப்பாவை மூடுமுன் மூடியில் ஒரு பொட்டு வைத்து, முடி காய வைக்கிற மெஷினால் காய வைத்து, "இதுதானா, நல்லாப் பாருங்க" என்று காட்டுவேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். வீட்டுக்கு வெள்ளையடித்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்.

இப்போது எல்லார் கையிலும் போன். எந்த நிறம் அடித்தால் மனசு எப்படி மாறும் என்று வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வைத்தியர் மருந்துச் சீட்டை நீட்டுவது போல என்னிடம் போனை நீட்டுகிறார்கள்.

கோபம் குறைய

ஒரு மருமகள் வந்தாள். மாமியார் அறைக்குப் பெயின்ட் வேண்டும். "அத்தை தொட்டதுக்கெல்லாம் கோவிக்கிறாங்க. இளம்பச்சை அடிச்சா கோவம் தணியுமாம்ல?" என்றாள். அம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப் போயேன் என்று சொல்ல வாய் வந்தது. வியாபாரமாச்சே என்று பொட்டு வைத்துக் காட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

பெயின்ட் காய்ந்திருக்காது, அந்த மாமியாரே கடைக்கு வந்துவிட்டார். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை, சிரித்த முகம். இளம்பச்சை ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பாராட்டினார். அப்புறம் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஏந்தாயி, எம்மருமக ரூமுக்கு என்ன அடிச்சா அவ காலையில சீக்கிரம் எந்திரிப்பா?"

துபாயில் இருப்பவருக்குப் பிடித்தது

பொன்னமராவதியில் வாக்கப்பட்ட பொண்ணு ஒன்று, தாய் வீட்டுக்கு வந்த இடத்தில் கடைக்கு வந்தது. வீட்டுக்காரர் துபாயில். வீடியோ காலில் அவர்தான் நிறம் தேர்ந்தெடுத்தார். நான் நிறங்கள் அச்சடித்த கம்பெனி அட்டையைப் பிடிக்க, அவர் "கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டாங்கக்கா" என்க, நான் கடை வாசலுக்குப் போய் வெயிலில் நின்றேன். போனில் ஒரு நிறமாகத் தெரியும், நேரில் ஒரு நிறமாக இருக்கும் என்று சொன்னால் கேட்டால்தானே. சந்தனம்தான் வேண்டும், பார்த்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று பிடிவாதம். பொண்ணுக்கோ மாம்பழ மஞ்சள்.

"சரிங்க, நீங்க சொல்றதே இருக்கட்டும்" என்று அவள் போனை வைத்தாள். அடுத்த நிமிஷமே மாம்பழ மஞ்சளில் பெரிய டப்பாக்கள் எடுத்து வைக்கச் சொன்னாள். அப்புறம் சந்தனத்தில் ஒரே ஒரு சின்ன டப்பா. எதற்கு என்று கேட்டேன்.

"போன் பேசுறப்ப என் முதுகுக்குப் பின்னாடி தெரியுதுல்லக்கா, அந்தச் செவுத்துக்கு மட்டும்."

வருகிறவருக்காக

ஜெகதாப்பட்டினத்து ராணியை எனக்கு முன்பே தெரியும். கடையில் படகுக்குப் பெயின்ட் வாங்குவார்கள். அவள் வீட்டுக்காரர் முருகேசன் மீன்பிடிக்கப் போன இடத்தில் எல்லை தாண்டியதாக இலங்கை நேவியிடம் பிடிபட்டு, அங்கிட்டே ஜெயிலில் மாசக்கணக்காக இருந்தார். அந்த நாளில் ராணி கடைப்பக்கம் வந்தால் நான் எதுவும் கேட்கமாட்டேன். சாயங்காலம் விளக்கேற்றும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள். விடுதலையாகிவிட்டதாம், வந்துவிடுவாராம். அவர் வாசலை மிதிப்பதற்குள் வீடு முழுக்கப் பெயின்ட் அடித்துவிட வேண்டும். வெளிர் நீலம் மனசை அமைதியாக்கும் என்று போனில் பார்த்திருந்தாள். நானும் நல்ல நிறம்தான் என்றேன். மூடியில் பொட்டு வைத்தேன். காயும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு வரும்போது எல்லாம் புதுசா இருக்கணும்க்கா. பழசு எதுவும் அவருக்கு ஞாபகம் வரக் கூடாது."

படிப்பு ஏற

மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்று ஒரு அப்பா வந்தார். மஞ்சள் அடித்தால் மூளை சுறுசுறுப்பாகுமாம். அறை நான்கு சுவருக்கும் மஞ்சள், கூரைக்கும் மஞ்சள். ரிசல்ட் வந்ததும் மிட்டாயோடு வந்து, "உங்க மஞ்சதான்க்கா பாஸாக்கிவிட்டுச்சு" என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கூட வந்த மகள் அப்பா நகரும்வரை பொறுத்திருந்து என்னிடம் சொன்னாள்.

"பெயின்ட் வாசம் தாங்காம நான் அத்தை வீட்டுக்குப் போயில்ல படிச்சேன்."

அவரைக் கேட்கவில்லை

முருகேசன் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டு மனசு நிறைந்து போயிருந்தேன். கொஞ்ச நாளில் ராணி மறுபடி வந்தாள். முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை. "வீட்டுக்குள்ள இருப்பு கொள்ள மாட்டேங்குறாருக்கா. சோத்தத் தின்னதும் பாயத் தூக்கிக்கிட்டு வெளிய போயிடுறாரு. படுத்தாலும் தூங்குறதில்ல. இப்படியே போனா மனுசன் என்ன ஆவாருன்னு பயமா இருக்கு" என்றாள். நீலம் ஒத்துக்கொள்ளவில்லை போல, பச்சை அடித்துப் பார்க்கலாமா என்று போனை எடுத்தாள்.

அவரும் கூடத்தான் வந்திருந்தார். கடைக்குள் வராமல் பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு யோசித்தோம், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டு ஸ்டூலைப் போட்டேன். "தம்பி, ஒங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?"

அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ராணி ஏதோ சொல்ல வந்தாள். நான் கண்ணைக் காட்டினேன். அட்டையை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"நீலம் நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா முந்தி ரோஸ் கலர்ல இருக்கும், கல்யாணத்துக்கு நானே சுண்ணாம்புல பொடி கலந்து அடிச்சது. அங்கிட்டு இருந்தப்ப கண்ண மூடுனா அந்தச் செவருதான் தெரியும். அதப் பாத்துக்கிட்டே தூங்கிருவேன். வந்து பாத்தா அதக் காணோம்."

படத்துக்குப் பின்னால்

ராணி அழுதுவிட்டாள். நானும் முந்தானையைத் தேடினேன். அழுது என்ன செய்ய, நிறம் வேண்டுமே. அட்டையில் ரோஸ் எத்தனையோ இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். கையால் கலந்து, பல வருஷம் அடுப்புப் புகையும் உப்புக் காற்றும் பட்டு வெளுத்த நிறம் எந்தக் கம்பெனி அட்டையில் இருக்கும்? பழைய சுவரில் ஒரு துளி கிடைத்தால் அதைப் பார்த்துக் கலக்கலாம். வீட்டில்தான் மூலை முடுக்கெல்லாம் நீலமாகிவிட்டதே.

அப்போது ராணி சட்டென்று கண்ணைத் துடைத்தாள். அவர் பிடிபட்ட அன்று முருகன் படத்துக்கு முன்னால் வேண்டிக்கொண்டாளாம்: அவர் திரும்பும்வரை விளக்கு அணையக் கூடாது, படத்தைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாது. பெயின்டர் கழற்றச் சொன்னபோதும் விடவில்லை. படத்தைச் சுற்றித்தான் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் வந்த பிறகும் இறக்குகிற எண்ணம் வரவில்லை.

இரண்டு பேரும் பைக்கில் போனார்கள். முருகனை இறக்கி, பின்னால் இருந்த கட்டத்தில் ஒரு பொருக்கைக் கரண்டியால் பெயர்த்து, டிபன் டப்பாவில் வைத்து எடுத்து வந்தார்கள். ரோஸ்தான். பழைய ரவிக்கைத் துணி போல ஒரு ரோஸ்.

மெஷின் கலந்து கொடுத்தது பளபளவென்று மிட்டாய் மாதிரி இருந்தது. மெஷினை விட்டுவிட்டுக் கையால் கலந்தேன். கறுப்பில் ஒரு சொட்டு, மஞ்சளில் ஒரு சொட்டு. மூடியில் பொட்டு, காய வைத்தல், அவர் தலையசைப்பு. மறுபடி ஒரு சொட்டு. என் வீட்டுக்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர்களுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். முருகா, உன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததை நீயே கையில் கொடு என்று நினைத்துக்கொண்டுதான் கடைசிப் பொட்டை வைத்தேன். நான் காய வைக்கிற மெஷினைப் போடும்வரை அவர் பொறுக்கவில்லை. ஈரப் பொட்டின்மேல் விரலை வைத்துவிட்டார். காய்ந்த பிறகு அதன் பக்கத்தில் பொருக்கை வைத்தால், எது பழையது எது புதியது என்று எனக்கே தெரியவில்லை. முருகன் படம் இருந்த அந்த ஓர் அறைக்கு மட்டும் அவரே தன் கையால் அடித்தாராம்.

அதற்குப் பிறகு ராணியிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் முதல் வேலையாக, எப்படிம்மா இருக்காரு என்றேன்.

"நல்லாத் தூங்குறாருக்கா. அவரு விடுற கொறட்டையில எனக்குத்தான் தூக்கம் போச்சு, அதுக்கு ஏதும் கலர் இருந்தாச் சொல்லுங்க."

குறட்டைக்கு இன்னும் எந்தக் கம்பெனியும் நிறம் போடவில்லை, போட்டால் முதல் டப்பா என் வீட்டுக்குத்தான் போகும்.